மண்தட்டை விட்டுப் புதிய தீவனப் பெட்டிக்கு வராத பறவைகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். வீட்டின் பின்புறம் 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள கம்பிவலைக் கூண்டில் ஏழு ஆண்டுகளாகப் பறவை வளர்க்கிறார். இப்போது அதில் லவ் பேர்ட்ஸ் 14, காக்டெயில் என்ற கொண்டைக்கிளி 4, ஃபிஞ்சஸ் என்ற சிறு குருவி 6. தினை, சாமை, கம்பு, சூரியகாந்தி விதை எல்லாவற்றையும் கலந்து இரண்டு அகன்ற மண்தட்டுகளில் தரையிலேயே வைப்பது வழக்கம். இரவில் எலி வந்து தட்டில் எச்சமிட்டுப் போகிறது. மாதம் ஒருமுறை கேரளத்தின் புனலூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு இரவு திரும்பும்போது தட்டில் பாதிக்கு மேல் உமியாக இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட மகன், மேலே நிரப்பினால் கீழுள்ள சிறு தொட்டிக்குத் தானியம் தானாக இறங்கும் பிளாஸ்டிக் தீவனப் பெட்டிகள் இரண்டை வாங்கி அனுப்பியிருக்கிறார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலையில் மண்தட்டுகளை எடுத்துவிட்டுப் பெட்டிகளைக் கம்பிவலையில் நெஞ்சளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார். அன்று முழுவதும் ஒரு பறவையும் அருகே வரவில்லை. "பசிச்சா தானா வந்து தின்னும், விடுங்க" என்று பறவை வளர்க்கும் பக்கத்துத் தெருக்காரர் சொன்னதால் பொறுத்திருக்கிறார். மறுநாள் காலையில் ஒரு ஃபிஞ்ச் தரையில் இறந்து கிடந்தது. உடனே மண்தட்டைத் திரும்ப வைத்ததும் மற்றவை அதன் மேல் விழுந்து தின்றதைப் பார்த்து அழுதுவிட்டதாக எழுதுகிறார். நான்தான் அதைக் கொன்றேனா, இந்தப் பறவைகளுக்குப் புதியதைப் பழகும் அறிவே கிடையாதா, வயலில் பிடித்த சில்லைக் குருவிகள் இரண்டை உள்ளே விட்டால் அவற்றைப் பார்த்துப் பழகும் என்கிறாரே அதே பக்கத்துத் தெருக்காரர், விடலாமா, ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து இருக்கிறது, மூன்று நாள் நிம்மதியாகப் போய்வர முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். கூண்டில் தொங்கும் பானைகளில் இரண்டில் லவ் பேர்ட்ஸ் முட்டையிட்டு அடைகாக்கின்றன என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில், போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறார். என் பதிலில் பாதி அந்த வரியைச் சார்ந்தது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இறந்துபோன ஃபிஞ்சைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அந்தப் பறவையின் எடை சுமார் 12 கிராம். உடல் சூடு நம்மைவிட அதிகம். அந்தச் சூட்டைக் காக்க அது பகல் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். மாலையில் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையை நிரப்பிக்கொண்டு தூங்கப் போனால்தான் இரவைத் தாண்ட முடியும். உங்கள் ஃபிஞ்ச் ஒரு பகல் முழுவதும் தின்னாமல், காலியான தீனிப்பையோடு, சாரல் காற்று வீசும் ஆனி மாத இரவைக் கழித்திருக்கிறது. ஆகவே பட்டினிக்கு அதில் பங்கு இருந்திருக்கவே வேண்டும். ஆனால் மற்ற ஐந்து ஃபிஞ்சுகளும் அதே இரவைத் தாண்டியிருக்கின்றன. பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும் இயல்புடையவை என்பதால், அது முன்பே நலிந்திருந்ததா என்பதை உடற்கூறு பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. இனி அப்படி ஏதேனும் நேர்ந்தால், இறந்த பறவையை நெகிழிப் பையில் சுற்றி, உறைய வைக்காமல் பனிக்கட்டியோடு வைத்து, அன்றைக்கே அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நீங்கள் தெரிந்து செய்த கொடுமை எதுவும் இதில் இல்லை. தவறான ஒரு வழக்குச்சொல்லை நம்பினீர்கள். மறுநாள் காலையிலேயே தட்டைத் திரும்ப வைத்ததால் 23 உயிர்கள் பிழைத்தன.

பசி ஏன் வழிக்குக் கொண்டுவராது

பசித்தால் தானாகத் தின்னும் என்பது ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஓரளவு பொருந்தலாம். சின்னஞ்சிறு விதையுண்ணிப் பறவைக்குப் பொருந்தாது. அது பெட்டியை மறுக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது இரை என்றே அதற்குத் தெரியவில்லை. ஏழு ஆண்டுகளாக அதன் கண்ணுக்கு இரை என்றால் தரையில், சிவந்த மண்தட்டில், மேலிருந்து பார்த்தால் முழுவதும் தெரிகிற தானியம். நீங்கள் ஒரே காலையில் பாத்திரத்தை மாற்றினீர்கள், இடத்தை மாற்றினீர்கள், உயரத்தை மாற்றினீர்கள், தின்னும் முறையையும் மாற்றினீர்கள். நான்கில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால்கூட அவற்றுக்குச் சில நாள் பிடித்திருக்கும்.

அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. நீங்கள் லவ் பேர்ட்ஸ் என்று சொல்பவை உண்மையில் பட்ஜி எனப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகள். அவையும் காக்டெயிலும் ஃபிஞ்சுகளும் அந்த நாட்டின் வறண்ட புல்வெளிகளில் கூட்டமாகத் தரையிறங்கிப் புல்விதை பொறுக்குபவை. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், குனிந்து தின்னும்போதும் வானத்தில் பருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் மகன் அனுப்பிய பெட்டியின் வாய் குறுகலானது, மேலே கூரை போல மூடியும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தலையை நுழைத்தால் ஒரு நொடி சுற்றுப்புறம் மறைந்துவிடும். காக்டெயிலுக்கு இன்னொரு தொல்லை, அதன் கொண்டை அந்தக் கூரையில் இடிக்கும். நாம் அறிவின்மை என்று நினைப்பது அவற்றை இத்தனை தலைமுறைகளாக உயிரோடு வைத்திருக்கும் எச்சரிக்கை உணர்வு. நான் பார்த்தவரை, புதியதைப் பழகும் திறனில் பட்ஜிக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டத்தில் ஒன்று துணிந்து தின்றுவிட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும். அந்த முதல் ஒன்றுக்கு நாம் அவகாசம் தர வேண்டும்.

உங்களுக்கு அந்தப் பெட்டி தேவைதானா

உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் கலந்து கிடக்கின்றன. எலி ஒன்று, ஊருக்குப் போவது மற்றொன்று. எலிக்காக இந்தப் பெட்டி வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. இரவெல்லாம் தானியம் நிறைந்து தொங்கும் பெட்டி எலிக்கு இன்னும் நல்ல விருந்து. உங்கள் பறவைகள் இருட்டியபின் தின்பதில்லை. எனவே கடைசிப் பறவை கம்பில் ஏறி அமர்ந்ததும் மண்தட்டுகளை எடுத்து மூடி வைத்துவிட்டு, விடிவதற்குச் சற்று முன் திரும்ப வைத்தால் பாதித் தொல்லை அன்றைக்கே தீரும். இதை இன்று மாலையே தொடங்கலாம். ஆனால் காலையில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் அடையும் முன் உள்ள இரண்டு மணி நேரமும்தான் அவை அதிகம் தின்னும் பொழுது. மீதிப் பாதிக்கு, கூண்டின் அடிப்பகுதியில் இரண்டடி உயரம்வரை அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள வலையை இரண்டாவது அடுக்காகக் கட்டுங்கள். எலியின் சிறுநீரால் மனிதருக்கும் எலிக்காய்ச்சல் வரும் என்பதால், எச்சம் கண்ட தட்டைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அந்தத் தானியத்தைக் கொட்டிவிடுங்கள்.

தட்டைத் தரையிலிருந்து தூக்க விரும்பினால் நம் வீடுகளில் மோர்ப்பானை தொங்கவிட்ட உறி இருக்கிறதே, அதே வழிதான். கயிற்றுக்குப் பதில் மெல்லிய சங்கிலியில் மண்தட்டைக் கூண்டின் நடுவில், சுவரிலிருந்தும் கம்பிலிருந்தும் விலக்கித் தொங்கவிடலாம். பறவைகள் தங்களுக்குத் தெரிந்த தட்டிலேயே தின்னும், எலியால் எளிதில் ஏற முடியாது. என்னைக் கேட்டால், பிளாஸ்டிக் பெட்டியைவிட உங்கள் கூண்டுக்குப் பொருத்தமானது இதுதான்.

பெட்டியால் உண்மையான பயன் ஒன்று உண்டு: தானியம் எச்சம் படாமல் இருக்கும். அதற்கு ஈடான ஓர் ஆபத்தும் உண்டு. அதைச் சொல்ல ஒரு பட்ஜி தினை தின்பதை நீங்கள் அருகிலிருந்து பார்க்க வேண்டும். விதையை நாக்கால் மேலலகோடு அணைத்துப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றும். கீழலகு ஒரு கீறல் போடும். உள்ளிருக்கும் மணி உள்ளே போக, தோணி போல வளைந்த உமி அங்கேயே விழும். அந்த உமிகள் பெட்டியின் சிறு தொட்டியில் சேர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். மேலே கண்ணாடி போன்ற பகுதியில் தானியம் நிறைந்தே தெரியும், கீழே பறவை பட்டினி கிடக்கும். சாரல் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் தானியம் கட்டிக்கொண்டு இறங்காமல் நின்றுவிடுவதும் உண்டு. மூலையில் தங்கிய பழைய தானியம் சிக்கு வாடை அடித்துப் பூஞ்சை பிடித்தால் அதிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஆகவே பெட்டி வைத்தாலும் தினமும் கீழ்த்தொட்டியை வெளியே எடுத்து உமியை ஊதித் தள்ள வேண்டும்; வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டிக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். தானியத்தைச் சுளகில் புடைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பழையதன் மேலேயே புதியதைக் கொட்டி நிரப்பிக்கொண்டே போகும் பழக்கம் கூடாது.

எப்போது தொடங்கலாம்

இப்போது வேண்டாம். முட்டை 18 நாளில் பொரிக்கும், குஞ்சு பானையை விட்டு வெளியே வர அதன்பின் ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். இந்தக் காலம் முழுவதும் பெண் பறவை பெரும்பாலும் பானைக்குள்ளேயே இருக்கும். ஆண் தின்று, அந்த இரையைக் கக்கி அதற்கு ஊட்டும். ஆண் ஒரு வேளை பெட்டியைக் கண்டு மிரண்டு நின்றால் பானைக்குள் இருப்பவை எல்லாம் சேர்ந்து பட்டினி கிடக்கும். குஞ்சுகள் இறங்கித் தாமாகத் தின்னத் தொடங்கும்போது புரட்டாசி வந்திருக்கும், சாரலும் ஓய்ந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள் உங்கள் பகுதியில் இதற்கு மிக நல்ல காலம். புதிதாக இறங்கிய இளம் பட்ஜிகள் முதிர்ந்தவற்றைவிடத் துணிந்து எதையும் கடித்துப் பார்க்கும் என்பதால், அவையே உங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். அதுவரை புதிய பானை எதையும் மாட்ட வேண்டாம்.

தொடங்கும்போது முதல் வாரம் மண்தட்டு இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கட்டும். பெட்டியைக் கம்பிவலையில் மாட்டாமல், மூடியைக் கழற்றிவிட்டு, தட்டிலிருந்து ஓரடி தள்ளித் தரையில் வையுங்கள். அதன் தொட்டியிலும் அதைச் சுற்றிலும் கொஞ்சம் தினை தூவுங்கள், அவ்வளவுதான். அதன் பக்கத்தில் நடக்கவும் மேலே ஏறி உட்காரவும் தொடங்கினால் அச்சம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் பெட்டியை மண்தட்டுக்குள்ளேயே தூக்கி வையுங்கள். பெட்டியிலிருந்து இறங்கும் தானியம் பழைய தட்டில் விழும். பறவை தன் தட்டில்தான் தின்கிறோம் என்று எண்ணியே பெட்டியின் வாயருகே வந்துவிடும். ஒரு தினைக்கதிரோ கம்பங்கதிரோ கிடைத்தால் பெட்டியின் மேல் கட்டித் தொங்கவிடுங்கள். கதிரைக் கண்டால் எந்தப் பட்ஜியும் நெடுநேரம் ஒதுங்கி நிற்காது.

உங்கள் தோளில் வந்து அமரும் காக்டெயில் ஒன்று உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் உங்கள் ஆசிரியர். காலையில் அதைக் கையில் ஏந்தி, மற்றவை பார்க்கும்படி, பெட்டியின் தொட்டியிலிருந்து ஒவ்வொரு விதையாக ஊட்டுங்கள். சூரியகாந்தி விதையைக் கலவையிலிருந்து எடுத்துவிட்டு இந்த நேரத்துக்கென்று வைத்துக்கொண்டால் அது இன்னும் எளிது. அதை எடுத்துவிட வேறு காரணமும் இருக்கிறது: கலவைத் தானியத்தைப் பெட்டியில் போட்டால் விரும்பிய விதைக்காக மற்றதையெல்லாம் அலகால் வாரி இறைக்கும், ஒரே நாளில் பெட்டி காலியாகித் தரை நிறைந்துவிடும். பெட்டியில் ஒரே அளவான சிறுதானியம் மட்டும் போடுங்கள்.

எல்லாம் பெட்டியிலிருந்து தின்னப் பழகிய பிறகே உயரத்தைத் தொட வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு செங்கல் வையுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு செங்கல். நீங்கள் நினைத்த உயரம் வரும்வரை இப்படியே ஏற்றுங்கள், எங்காவது தயங்கினால் ஒரு செங்கலை எடுத்துவிடுங்கள். ஃபிஞ்சுகளை மட்டும் இந்த ஏற்றத்தில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கென்று ஒரு சிறு மண்தட்டு தரையில் நிரந்தரமாக இருக்கட்டும். இன்னும் சொல்லப்போனால், பட்ஜியும் காக்டெயிலும் ஃபிஞ்சின் காலைக் கடித்துக் காயப்படுத்தக்கூடியவை. ஒரு வலைத்தடுப்பு போட்டு ஃபிஞ்சுகளைத் தனியாக வைப்பது எல்லா வகையிலும் நல்லது. 18 கிளிகளுக்கு இரண்டு பெட்டி போதாது. வலுவான ஒன்று வாயருகே நின்றுகொண்டு மற்றவற்றை விரட்டும், விரட்டப்பட்டது மெலிந்துகொண்டே போகும். குறைந்தது மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று தள்ளி, இரை இருக்க வேண்டும். இந்த வாரங்களில் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

பழைய தட்டை எடுத்துப் பார்க்கும் நாள் வரும்போது, நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு காலையில், வானம் தெளிவாக இருக்கையில், விடிந்ததும் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுக் கூண்டுக்கு எதிரே அமர்ந்திருங்கள். இரண்டு மணி நேரம் போதும். அதற்குள் தின்னாத பறவை ஒன்று இருந்தாலும் தட்டைத் திரும்ப வைத்துவிட வேண்டும். இதில் தோல்வி என்று எதுவும் கிடையாது, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

தின்கிறதா என்று அறிவது எப்படி

பெட்டியில் தானியம் குறைந்திருப்பது சான்றாகாது. விழுந்து கிடப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெறும் உமி என்றால் தின்றிருக்கிறது. முழு விதை என்றால் இறைத்திருக்கிறது. அடையும் கம்புகளுக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து வையுங்கள். நன்றாகத் தின்னும் பட்ஜியின் எச்சம் சற்றுத் திரண்டு, நடுவில் வெள்ளை சேர்ந்து இருக்கும். பட்டினி கிடப்பதன் எச்சம் அளவில் சிறுத்து, எண்ணிக்கையில் குறைந்து, கரும்பச்சையாக இருக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலில் தூங்கும் பறவையைக் கையில் பிடித்து நெஞ்சைத் தடவினால், நடு எலும்பு கத்திமுனை போல நெருடுவது தெரியும். அந்த நிலைக்கு வந்த பறவையை வீட்டில் வைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குவது மகன் அனுப்பிய பெட்டியைவிடப் பயனுள்ள செலவு. தொடங்கும் முன் ஒவ்வொன்றையும் சிறு அட்டைப்பெட்டியில் வைத்து நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் வளர்க்கும் பட்ஜி பெரும்பாலும் 30 முதல் 40 கிராம் இருக்கும். பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று நான்கு கிராம் குறைந்தாலே முயற்சியை நிறுத்திப் பழைய தட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கூண்டுத் தரையைப் பெருக்கும்போது காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து பெருக்குங்கள்.

சில்லையும் புனலூர்ப் பயணமும்

பக்கத்துத் தெருக்காரர் சொன்ன இரண்டாவது யோசனையையும் நீங்கள் ஏற்க முடியாது. சில்லை நம் நாட்டுக் காட்டுப் பறவை. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் மைனாவுக்கும் இதுவே சட்டம். யாரோ பிடித்துக் கொடுத்தது என்பதால் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. பட்ஜியும் காக்டெயிலும் ஃபிஞ்சும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகள் அல்ல என்பதால் அந்தத் தடை அவற்றுக்கு இல்லை. சட்டத்தை விட்டுவிட்டாலும், வயலிலிருந்து வரும் பறவை கூண்டுக்குள் நோயைக் கொண்டுவரும். மகள் புனலூரிலிருந்து ஒரு சோடிப் பறவை வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பதற்கும் இதே எச்சரிக்கைதான்: எங்கிருந்து வாங்கினாலும் 30 நாள் வேறோர் இடத்தில் தனியாக வைத்துப் பாருங்கள். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்து புளியரைச் சோதனைச் சாவடியில் மருந்து தெளிக்கும் நாட்களில் எல்லை தாண்டிப் பறவை கொண்டுவருவதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

ஆவணிக் காதுகுத்துக்குத் தாராளமாகப் போய்வாருங்கள், ஆனால் பெட்டியை நம்பிப் போகாதீர்கள். அப்போது குஞ்சுகளும் பானையில் இருக்கும். உங்கள் கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு இருநூறு கிராமுக்கு மேல், கால் கிலோவுக்குள் தானியம் வேண்டும். மூன்று நாளுக்கும் நாள்வாரியாகத் தனித்தனிப் பொட்டலம் கட்டி வையுங்கள். காலையும் மாலையும் வந்துபோக நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்து, போகும் முன் இரண்டு நாள் உங்களோடு கூட்டிப்போய்ப் பறவைகளுக்கு அவர் முகத்தைப் பழக்குங்கள். உமியை ஊதித் தள்ளுவதையும், தண்ணீர் மாற்றுவதையும், தட்டை இரவில் எடுத்து விடியும் முன் வைப்பதையும் அவர் கையாலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். விடியும் முன் வர முடியாது என்று அவர் சொன்னால், அந்த மூன்று இரவுகள் மட்டும் தட்டு உள்ளேயே இருக்கட்டும். எலி தின்றது போக மீதி இருக்கும்படி ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.